மழைப் போரும் ஒரு கையெழுத்தும்

எங்காவது பெருமழை கொட்டினால் போதும், அடுத்த நாளே கைபேசிக்கு ஒரு செய்தி வந்துவிடும். "இது இயற்கை மழை இல்லை. வேண்டுமென்றே செய்த சதி. பத்து பேருக்கு அனுப்புங்கள்." சாதாரண ஆட்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் கோதாவரி வெள்ளத்தைப் பார்வையிட்ட அப்போதைய தெலங்கானா முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ், மேக வெடிப்புக்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி இருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2024 ஏப்ரலில் துபாய் மூழ்கியபோதும் உலகம் முழுக்க இதே கதைதான் ஓடியது. அந்த நாட்டு வானிலை மையம் மறுத்தும் நிற்கவில்லை.

இந்தச் செய்திகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. மழையை ஆயுதமாக வைத்து ஒரு போர் உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஐந்து வருடத்துக்கு மேல். அதே சமயத்தில் அதே ஆட்கள் நம் பீகாருக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்? மழையைப் பார்த்துத் தெரியவில்லை. காகிதத்தைப் பார்த்துத் தெரிந்தது.

அந்தக் காகிதங்களில் முக்கியமான ஒன்று, 1974 ஜனவரி 28 தேதியிட்ட ஒரு கடிதம். எழுதியவர் மெல்வின் லேர்ட். 1969 முதல் 1973 ஜனவரி வரை அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்தவர். கடிதம் போனது வில்லியம் ஃபுல்பிரைட்டுக்கு. அமெரிக்க செனட் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவர். கடிதத்தின் சாரம் இதுதான்: வட வியட்நாமுக்கு மேல் இப்படிப்பட்ட மழை வேலை எதுவும் நடக்கவில்லை என்று முன்பு உங்கள் குழுவிடம் சொல்லியிருந்தேன், 1967லும் 1968லும் அது நடந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியவந்திருக்கிறது.

ஒரு வல்லரசின் முன்னாள் ராணுவ அமைச்சர் மழையைப் பற்றி ஏன் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மேகத்தில் என்ன விதைக்கிறார்கள்?

1946ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர் ஒரு குளிர்பெட்டிக்குள் தன் மூச்சுக்காற்றையே மேகமாக்கி, அதில் உலர் பனிக்கட்டியைப் போட்டுப் பார்த்தார். ஒரு நொடியில் உள்ளே பனித்துகள்கள் மின்ன ஆரம்பித்தன. அதே ஆண்டு நவம்பர் 13ல் விமானத்தில் போய் நிஜ மேகத்தில் தூவிப் பார்த்தார். பனி விழுந்தது. அதே மாதம், அதே ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் வானகட் என்பவர் சில்வர் அயோடைடு அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் என்று கண்டுபிடித்தார்.

இதன் சூட்சுமம் எளிமையானது. உயரத்தில் இருக்கும் மேகத்தில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் ஏராளமாக இருக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். சில்வர் அயோடைடு படிகத்தின் அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால் துளிகள் ஏமாந்துபோய் அதன்மேல் உறைகின்றன. பனித்துகள் வளர்ந்து கனத்து விழுகிறது, வழியில் உருகி மழையாகிறது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இல்லாத மேகத்தை இதனால் உண்டாக்க முடியாது. இருக்கிற மேகத்தை இன்னும் கொஞ்சம் பிழியலாம். எவ்வளவு பிழிந்தோம் என்பதுதான் பெரிய தலைவலி. விதைக்காமல் விட்டிருந்தால் அந்த மேகம் எவ்வளவு பெய்திருக்கும் என்று யாருக்கும் தெரியாதே!

இந்தத் தலைவலி தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1947 அக்டோபரில் அமெரிக்க ராணுவமும் ஜெனரல் எலக்ட்ரிக்கும் சேர்ந்து அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு புயலின் மேல் உலர் பனிக்கட்டியைத் தூவின. கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த புயல் திரும்பி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்துப் பக்கம் கரையேறியது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். விதைப்பதற்கு முன்பே புயல் திரும்பத் தொடங்கியிருந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். யார் சொல்வது சரி? கஜா மாதிரி ஒரு புயலைப் பார்த்த நம்ம புதுக்கோட்டைக் கடற்கரை ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், புயல் கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது :)

லாவோஸ் காட்டில் சேறு

இப்போது 1966க்கு வருவோம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். வட வியட்நாமிலிருந்து தெற்கே ஆட்களும் ஆயுதங்களும் போவதற்கு, பக்கத்து நாடான லாவோஸ் காடுகளின் வழியாக மண்பாதைகளின் ஒரு பெரிய வலையே இருந்தது. ஹோ சி மின் பாதை என்று சொல்வார்கள். அமெரிக்கா குண்டு போட்டுப் பார்த்தது. இரவோடு இரவாகப் பள்ளத்தை மூடிவிட்டு லாரிகள் மறுபடி ஓடின. மழைக்காலத்தில் மட்டும் பாதை சேறாகி லாரிகள் முடங்கின. அப்படியானால் மழைக்காலத்தையே நீட்டிவிட்டால் என்ன? பிறந்தது திட்டம். பெயர் போபாய். ஆமாம், கீரை தின்று பலசாலியாகும் அந்தக் கார்ட்டூன் மாலுமியின் பெயரேதான்.

1966 அக்டோபரில் தெற்கு லாவோஸில் சோதனை நடந்தது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆயுத ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் நடத்தினார்கள். 50க்கும் மேற்பட்ட முறை மேகங்களில் விதைத்தார்கள்.

இந்தச் சோதனையைப் பற்றி நமக்குத் தெரிவிப்பது இன்னொரு காகிதம். 1967 ஜனவரி 13 அன்று வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி ஃபாய் கோலர், தன் அமைச்சர் டீன் ரஸ்க்குக்கு எழுதிய ரகசியக் குறிப்பு. விதைத்த மேகங்களில் 85 சதவீதத்துக்கு மேல் நல்ல பலன் கொடுத்ததாகப் பாதுகாப்புத் துறை சொல்கிறது, இனி முழுவீச்சில் தொடங்க அனுமதி கேட்கிறது என்கிறது அந்தக் குறிப்பு. ஒரு தடவை விதைத்த மேகம் எல்லை தாண்டி நகர்ந்துபோய் அமெரிக்கப் படையின் முகாம் ஒன்றின் மேலேயே நாலு மணி நேரத்தில் ஒன்பது அங்குல மழையைக் கொட்டிவிட்டதாம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்!

அதே குறிப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது. சோதனை நடந்தது லாவோஸ் நாட்டுக்கு மேல். லாவோஸ் அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நாட்டிலிருந்த அமெரிக்கத் தூதருக்குத் தெரியும், அந்த நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

1967 மார்ச் 20ல் முழு அளவில் தொடங்கியது. தாய்லாந்தின் உடோன் விமானத் தளத்திலிருந்து, வானிலை ஆய்வு விமானங்கள் என்ற பெயரில் பறந்தார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பிருந்து முடிந்த பிறகு வரை, ஆண்டுதோறும். விமானப்படையிலேயே பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தெரியாது.

மறுப்பும் தந்திரமும்

1971 மார்ச்சில் ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் தன் பத்தியில் முதன்முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அதைத் தொடர்ந்து ரோட் தீவு மாநிலத்தின் செனட்டர் கிளேபோர்ன் பெல் பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ரகசியம், சொல்ல முடியாது என்கிற மாதிரி பதில் வந்தது. பெல் விடவில்லை. 1972 ஏப்ரலில் லேர்ட் செனட் குழு முன் வந்தபோது நேரடியாகக் கேட்டார்கள். வட வியட்நாமுக்கு மேல் அப்படிப்பட்ட வேலையில் நாங்கள் ஒருபோதும் ஈடுபட்டதில்லை என்றார் லேர்ட்.

இந்தப் பதிலை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். "வட வியட்நாமுக்கு மேல்." லாவோஸைப் பற்றி மூச்சு இல்லை. வேலையில் பெரும்பகுதி நடந்ததோ லாவோஸில்! கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆயிற்று, எதையும் சொல்லாத மாதிரியும் ஆயிற்று. கடைசியில் அந்தக் குறுகலான பதிலும் தப்பு என்று ஆனதுதான் 1974 கடிதம்.

1972 ஜூலை 3ல் நியூயார்க் டைம்ஸில் சைமூர் ஹெர்ஷ் விரிவாக எழுதினார். இரண்டே நாளில், ஜூலை 5ல், மழை விமானங்கள் நின்றன.

1974 மார்ச் 20ல் கதவைச் சாத்திக்கொண்டு செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. மே மாதம் அந்த விவரங்கள் வெளியிடப்பட்டன. அப்போதுதான் எண்கள் கிடைத்தன. மொத்தம் 2,602 விமானப் பயணங்கள். 47,409 விதைப்புத் தோட்டாக்கள். ஒரு பயணத்துக்குச் சராசரியாகப் பதினெட்டு. செலவு ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் டாலர். ஆறு பருவத்துக்குக் கூட்டினால் 2 கோடியே 16 லட்சம் டாலர். அந்தப் போருக்கு அமெரிக்கா செலவழித்ததோடு ஒப்பிட்டால் டீச் செலவு.

பலன்? சில குறிப்பிட்ட இடங்களில் 30 சதவீதம் வரை கூடுதல் மழை பெய்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொன்னார்கள். மதிப்பீடுதான். பாதுகாப்புத் துறையின் சார்பில் வந்த டென்னிஸ் டூலின் என்ற அதிகாரி, ஒருவனை வழியில் நிறுத்த வேண்டுமென்றால் குண்டைவிட மழையால் நிறுத்துவது மனிதாபிமானம்தானே என்கிற தொனியில் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்கு லாரி எது, நாற்றங்கால் எது என்று தெரியாது. தவிர, குண்டு போட்டது யார் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியும். மழை போட்டது யார் என்று தெரியவே தெரியாது. தலைவிதி என்று நினைத்துக்கொள்வான்.

பீகாருக்கு வந்த அதே ஆள்

1967 என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது தேர்தலும் அரிசியும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. ஆட்சிக்கு வந்த ஆண்டு. அரிசி ஏன் அவ்வளவு பெரிய பிரச்னையாக இருந்தது? 1965, 1966 என்று தொடர்ந்து இரண்டு வருடம் நாட்டில் பருவமழை பொய்த்திருந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே உட்கார்ந்திருந்தது. அந்தக் கப்பலை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிட்டார். எல்லாவற்றிலும் மோசமாக அடிபட்டது பீகார்.

அந்த 1967 ஜனவரியில், கோலர் தன் ரகசியக் குறிப்பை எழுதிய அதே மாதத்தில், சைனா லேக் மையத்தின் பியர் செயின்ட் அமாண்ட் டெல்லிக்கு வந்தார். லாவோஸ் சோதனைக்குப் பின்னால் இருந்த அதே விஞ்ஞானி. திட்டத்தின் பெயர் குரோமெட். பீகாரிலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் மேகங்களில் விதைத்து மழை வரவழைத்துப் பார்ப்பது. ஜான்சன் அரசு முன்வந்தது, இந்திரா காந்தி அரசு சம்மதித்தது. வெளியே சொன்னது என்ன தெரியுமா? இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் வேளாண் வானிலை ஆராய்ச்சி. அவ்வளவுதான்.

இதை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு பக்கமும் காரணம் இருந்தது. மழை வராவிட்டால் அசிங்கம். வந்துவிட்டால் எங்கள் மழையைத் திருடிவிட்டார்கள் என்று பாகிஸ்தான் சண்டைக்கு வரலாம். அமெரிக்காவுக்குக் கூடுதலாக ஒன்று: கையில் வைத்திருந்த தொழில்நுட்பமே ராணுவ ரகசியம். கிறிஸ்டின் ஹார்ப்பர், ரொனால்ட் டோயல் என்ற இரண்டு வரலாற்று ஆய்வாளர்கள், ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களைப் படித்து 2000களில் இதை விரிவாக எழுதினார்கள். அதற்கு முன் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பலன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஜனவரி, பிப்ரவரியில் பீகார் வானத்தில் விதைப்பதற்கு ஏற்ற மேகமே சரியாக இல்லை. சொல்லும்படி மழை இல்லை. ஏப்ரலில் பீகாரின் பல பகுதிகள் பஞ்சப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2025 அக்டோபர் 28ல் டெல்லி காற்று மாசுக்காகக் கான்பூர் ஐஐடி மேகத்தில் விதைத்துப் பார்த்தபோதும் இதே கதைதான். மேகத்தில் ஈரமே போதவில்லை, மழையும் இல்லை. மேகம் இல்லாத வானத்தில் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பீகாரில் நடந்தது போர் இல்லை. உதவிதான். நம் அரசின் சம்மதமும் இருந்தது. ஆனால் ஒரே கருவி, ஒரே விஞ்ஞானி, ஒரே மாதம்: ஒரு நாட்டில் பஞ்சத்துக்கு மருந்து, இன்னொரு நாட்டில் பாதைக்குச் சேறு. இரண்டு இடத்திலும் கீழே இருந்த விவசாயிக்கு யாரும் சொல்லவில்லை.

உலகம் போட்ட கையெழுத்து

லேர்ட் கடிதமும் விசாரணையும் வீண் போகவில்லை. வானிலையை ஆயுதமாக்குவதைத் தடை செய்ய ஒப்பந்தம் வேண்டும் என்ற பெல்லின் தீர்மானம் 1973 ஜூலையிலேயே செனட்டில் 82க்கு 10 என்ற கணக்கில் நிறைவேறியிருந்தது. 1976 டிசம்பர் 10ல் ஐ.நா. பொதுச்சபை ஒரு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழலை மாற்றும் உத்திகளை ராணுவ நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 1977 மே 18ல் ஜெனீவாவில் கையெழுத்துக்கு வைத்தார்கள்.

20 நாடுகள் உறுதிசெய்தால் அமலுக்கு வரும் என்பது விதி. 1978 அக்டோபர் 5ல் அந்த எண்ணிக்கை நிறைந்தது. அன்றைக்கு உறுதிசெய்த நாடு எது தெரியுமா? லாவோஸ்! யார் தலைமேல் கேட்காமல் மழை போட்டார்களோ, அவர்கள் கையெழுத்தால் ஒப்பந்தம் உயிர் பெற்றது. இலங்கை அதே ஆண்டு ஏப்ரலில் உறுதிசெய்தது. இந்தியா டிசம்பர் 15ல். அமெரிக்கா 1980 ஜனவரியில்தான்.

ஆனால் இந்த ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பரவலான, நெடுங்கால, அல்லது கடுமையான பாதிப்பு உண்டாக்கினால்தான் தடை. பரவலான என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர். நெடுங்காலம் என்றால் சில மாதங்கள், அல்லது ஏறக்குறைய ஒரு பருவம். அதற்குக் குறைவாக ஒரு பள்ளத்தாக்கில் ஒரு வாரம் சேறு கிளப்பினால்? கடுமையான பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டும். யார் நிரூபிப்பது, எதை வைத்து? மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

வவுச்சர் எங்கே?

பி.காம். முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாமல் கணக்கில் எதையும் ஏற்றக் கூடாது. யார் கொடுத்தது, எப்போது, எவ்வளவு, யார் கையெழுத்து. இது இல்லாவிட்டால் அது கணக்கு இல்லை, பேச்சு.

மழை ஆயுதத்தின் முழு பலமும் அதற்கு வவுச்சர் இல்லை என்பதில்தான் இருக்கிறது. 1971 ஆகஸ்டில் வட வியட்நாமின் செந்நதியில் பயங்கர வெள்ளம் வந்தது. ஏராளமானோர் செத்தார்கள். அந்த ஆண்டும் மழை விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த வெள்ளத்துக்கு விதைப்புதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அதை ஏற்றக் கூடாது. 2,602 பயணங்களுக்கு ஆதாரம் இருக்கிறது. அதைத் தள்ளக் கூடாது.

கைபேசியில் வருகிற சதிச் செய்திக்கும் இதே அளவுகோல்தான். எந்த விமானம், எந்தத் தேதி, யார் உத்தரவு, எங்கே காகிதம்? இந்தக் கேள்விகளுக்கு முன்னால் அனேகமாக எல்லாச் செய்திகளும் கரைந்துபோகும். விஞ்ஞானக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019ல் சோலாப்பூர் பகுதியில் 276 மேகங்களை வைத்து ஆராய்ந்ததில், விதைப்பால் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாகக் கண்டார்கள். அதுவும் நூறு சதுர கிலோமீட்டர் வட்டாரத்தில். ஒரு கண்மாய்க்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு மாநிலத்தையே மூழ்கடிக்கிற கதைக்கு இது காணாது.

அதே அளவுகோலை அரசாங்கத்தின் மறுப்புக்கும் வைக்க வேண்டும். இதை நாம் மறந்துவிடுகிறோம். லேர்டின் மறுப்பும் செனட் குழுவின் பதிவில் இருந்ததுதான். வதந்தியை நம்பியவர்கள் அதை உடைக்கவில்லை. எந்த ஊருக்கு மேல் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் உடைத்தார்கள். பெல் கேட்டார், ஆண்டர்சனும் ஹெர்ஷும் எழுதினார்கள், கடைசியில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டி வந்தது.

அந்தக் கணக்கிலும் ஒரு பக்கம் காலியாகவே கிடக்கிறது. எத்தனை விமானம், எத்தனை தோட்டா, எவ்வளவு டாலர் எல்லாம் இருக்கிறது. லாவோஸ் மலையடிவாரத்தில் ஏதோ ஒரு ஊரில், பருவம் முடிந்தும் மழை விடவில்லையே என்று அறுக்க நின்ற நெல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு எவ்வளவு நஷ்டம்? அதற்கு யாரும் வவுச்சர் போடவில்லை. வானம் பார்த்த பூமியில் இருக்கிற நமக்கு அவன் நிலைமை புரியாமல் போகாது.